ஒற்றைக் கருப்பில் அறுபத்திரண்டு படங்கள்

சிவகாசியில் கருப்பு மையில் மட்டும் அச்சாகிற காகிதம் என்றால் அது கருமாதிப் பத்திரிகை என்றுதான் மெஷின்காரர்கள் நினைப்பு. மற்றதெல்லாம் நாலு கலர். காலண்டர், பட்டாசு லேபிள், பள்ளிக்கூட நோட்டு அட்டை எல்லாம் கண்ணைப் பறிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், 2005-ஆம் வருஷம் தீபாவளி சீசன் சூடு பிடிக்கிற நேரத்தில், ஞானசுந்தரி ஒரு புத்தகத்தைக் கருப்பில்தான் அடிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

அப்போது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய வீட்டிலிருந்து வந்தவள். பன்னிரண்டு வருஷம் திருத்தங்கல் அச்சகம் ஒன்றில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டாசு லேபிள் போட்டாள். அந்த அச்சகம் கைமாறிய பிறகு தனுஷ்கோடியின் கம்பெனிக்குப் போனாள். பட்டாசு கம்பெனிகளுக்குச் சரக்கு இருப்பு, லோடு அனுப்புவது ஆகியவற்றுக்கான சாப்ட்வேரை அவர் தமிழிலேயே எழுதி விற்றுக்கொண்டிருந்தார். அங்கே ஞானசுந்தரிக்கு வேலை போன் எடுப்பது.

"அந்தப் பொத்தான் எங்கன இருக்கு?" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கேட்பார்கள். சாப்ட்வேரோடு கொடுத்த புத்தகத்தில் முழுத் திரையையும் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிப் போட்டிருந்தார்கள். அதை யாரும் விரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"நான் புதுசா ஒண்ணு பண்ணித் தாரேன் சார்" என்று அவள்தான் கேட்டாள்.

தனுஷ்கோடி யோசித்தார். "எம். புதுப்பட்டியில பெத்தணன் அண்ணாச்சி இருக்காரு. அவரு நமக்குப் போன் போடாம, புத்தகத்தப் பாத்தே ஒரு லோடு அனுப்பிட்டாருன்னா, இனிமே எல்லாப் புத்தகமும் ஒன் பொறுப்பு. இல்லேன்னா மதுரையில ஆள் இருக்கு. நீ பழையபடி போன் எடு."

பெத்தணன் அங்கே ஒரு பட்டாசு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். முப்பது வருஷமாக லெட்ஜர் எழுதிய கை. கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துத் துண்டு போட்டு மூடியிருந்தார்.

ஞானசுந்தரி படம் எடுத்தாள். மொத்தம் அறுபத்திரண்டு ஸ்கிரீன் ஷாட். நீலத்தைத் தூக்கி, பச்சையை மினுக்கி, வழவழப்பான தாளில் பத்துப் பிரதி நாலு கலரில் அடித்து வாங்கினாள். பார்க்க லட்சணமாக இருந்தது. புதுப்பட்டி பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே போனாள்.

பெத்தணன் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார்.

"எழுத்தெல்லாம் ரெட்ட ரெட்டையாத் தெரியுது தாயி. சீசன் முடியட்டும், ஆசுபத்திரிக்குப் போயி கண்ணக் காட்டணும்" என்று சொல்லிவிட்டு லெட்ஜரைத் திறந்தார்.

திரும்பும் பஸ்ஸில் கைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தாள். லேபிளில் மைப் புள்ளிகள் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற பழைய லென்ஸ். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பக்கம் நீல விளிம்பு, மறுபக்கம் ரோஸ் விளிம்பு. பெத்தணன் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. திரையில் கருப்பாகத் தெரிந்த எழுத்து, தாளில் நாலு மையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அச்சாகியிருந்தது. அதில் ஒன்று மயிரிழை விலகினால் போதும், எழுத்து கெட்டது. பட்டாசுப் பெட்டியில் மயில் தோகை விலகினால் யாருக்குத் தெரியும்? இது எண். ஆறா எட்டா என்று தெரிந்தாக வேண்டும்.

தப்பு தன்னுடையதுதான் என்று அவளுக்குப் புரிந்தது. லேபிள் போடுகிற கையால் படத்தைப் போட்டிருக்கிறாள்.

மறுநாளே எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுத்தாள். கலர் சோடனை இல்லாத வெள்ளைத் திரை. திரையின் எழுத்தைப் பெரிசாக்கிவிட்டு, வேலை நடக்கிற கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்தாள். சிறிய படத்தை இழுத்துப் பெரிசாக்கினால் எழுத்து மெழுகாக உருகிவிடுகிறது. அந்த வேலையே வேண்டாம் என்று விட்டாள். திரையின் மூலையில் கண்ணை இழுக்கிற கடிகாரத்தையும் வெட்டி எறிந்தாள். கை வைக்க வேண்டிய இடத்துக்கு மட்டும் ஒரு சிவப்புச் சுழி, பக்கத்தில் ஒரு நம்பர்.

காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவன் பாண்டியின் முன்னால் ஒரு தாளை நீட்டினாள். பட்டாசு ஆபீசில் வெடிக்குள் மருந்து செலுத்துகிறவன், எட்டாவது வரை படித்தவன்.

"ஒண்ணாம் நம்பர்ல என்ன எழுதியிருக்கு?"

"சோத்தத் திங்க விடுறியா? லோடு நம்பர்."

"ரெண்டுல?"

"எத்தன பெட்டி. ஏன், எனக்கும் கிளார்க் வேல வாங்கித் தரப்போறியா?"

"மொதல்ல மூணச் சொல்லுங்க" என்றாள்.

அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிற சோணைமுத்து, கருப்பு என்றதும் முகத்தைச் சுளித்தான். "நாலு கலர் மிஷினுல இதப் போயி ஓட்டச் சொல்றீகளேக்கா. கருமாதிப் பத்திரிகை மாதிரில்ல இருக்கும்."

"கருமாதிப் பத்திரிகையில தேதி தெரியலைன்னு யாராச்சும் திருப்பிக் கொண்டாந்திருக்காகளாலே?"

 பக்கத்தில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கருப்பு ஒரு பிளேட், சுழிக்குத் தனிச் சிவப்பு ஒரு பிளேட் என்று முடிவாயிற்று. சுழி கொஞ்சம் விலகினாலும் எழுத்துக்குச் சேதமில்லை.

தனுஷ்கோடிக்கும் மனசில்லை. "சிவகாசியில அடிச்ச புத்தகமான்னு கேப்பாக."

"கேக்கட்டும் சார். மொதல்ல வாசிக்கட்டும்."

பரீட்சை அன்றைக்கு தனுஷ்கோடியும் புதுப்பட்டிக்கு வந்தார். "நீ வாயத் தொறக்கக்கூடாது" என்று சொல்லி, ஞானசுந்தரியைச் சுவரோரமாக உட்கார வைத்தார். வாசலில் லாரி நின்றது.

பெத்தணன் துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். இடது கை ஆள்காட்டி விரல் புத்தகத்தில், வலது கை விரல் சாவிப் பலகையில். ஒன்று, இரண்டு, மூன்று. பக்கம் திரும்பியது. ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது. சேமிக்கும் பொத்தானைத் தேடுகிறார் என்று அவளுக்குத் தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்ததை மென்று விழுங்கினாள். அவர் புத்தகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் தொடவே இல்லை. பிறகு பொத்தானை அமுக்கினார்.

பிரிண்டர் கரகரத்து லோடுச் சீட்டைத் துப்பியது. பெத்தணன் அதைக் கிழித்து ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்தார். வாசல் பக்கம் திரும்பி, "வண்டிய எடுக்கச் சொல்லு" என்று குரல் கொடுத்தார்.

தனுஷ்கோடி எழுந்தே விட்டார். பெத்தணன் விடவில்லை.

"ஒரு நிமிசம் இருங்க. ஏந்தாயி, இந்தப் புத்தகம் நீதான போட்ட? இருபத்தி மூணாம் பக்கத்துல செவப்புச் சுழி ஒரு எழுத்த மறைக்குது பாரு. அதக் கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளி வையி. இம்புட்டு பாத்துப் போட்டவ, இத எப்படி விட்ட?"

தனுஷ்கோடி சங்கடத்தோடு அவளைப் பார்த்தார். அவள் முகம் பூரித்திருந்தது. எழுத்தெல்லாம் ரெட்டையாகத் தெரிகிறது என்று சொன்ன மனுஷர், மறைந்த ஒற்றை எழுத்தைக் கண்டுபிடித்துக் கேட்கிறார்.

"தள்ளி வச்சிருதேன் அண்ணாச்சி. வேற ஏதும் இருக்கா?"

"இருந்தாச் சொல்ல மாட்டனா?"

வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது தனுஷ்கோடி, "அச்சங்குளத்துக்காரங்க ஆள் வருகைப் பதிவு சாப்ட்வேருக்குப் புத்தகம் கேட்டிருக்காக. நூத்திப் பத்துப் படம் வரும்" என்றார்.

"போனுக்கு வேற ஆளப் போட்டுருங்க சார்" என்றாள் ஞானசுந்தரி. பஸ் வருகிற வரைக்கும் இருபத்து மூன்றாம் பக்கத்தை விரித்து, சுழியை எந்தப் பக்கம் நகர்த்தலாம் என்று பென்சிலால் வட்டம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.