அருவிக்குப் பின்னால் இருந்த லயம்

காலையில் கணினியைத் திறந்தால், படம் திருத்தும் மென்பொருள் சொல்லாமல் கொள்ளாமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி மினுக்கிக்கொண்டிருந்தது. மினுக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் என் பழைய கோப்புகளில் ஒன்றைக்கூடத் திறக்க மாட்டேன் என்கிறது. 'இந்தக் கோப்பைத் திறக்க முடியாது' என்று ஒரு வரி, அதற்குக் கீழே 'சரி' என்று ஒரு பொத்தான். எனக்கு எங்கே சரி?

வேறு நாளாக இருந்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். மெர்கோங்கில் வீட்டிலிருந்தபடியே கல்யாண அழைப்பிதழ் அடித்துப் பிழைப்பவனுக்கு இருபது வருடத்துக்கு முந்தைய கோப்பு எதற்கு? ஆனால் வருகிற ஞாயிறு எங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்கள் பீடோங்கில் ஒரு மண்டபத்தில் கூடுகிறார்கள். தோட்டம் இப்போது இல்லை. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்து, பால்மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்டார்கள். மேடையில் பெரிதாக வைக்க லயத்தின் படம் ஒன்று வேண்டும், யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தார்கள்.

படங்கள் வந்து குவிந்தன. ஒரு கல்யாண ஜோடி, பின்னால் அருவி. பிறந்தநாள் பிள்ளை ஒன்று, பின்னால் அதே அருவி. நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் கங்காணி, அவருக்குப் பின்னாலும் அருவி. "நம்ம தோட்டத்துல இத்தன அருவி இருந்திச்சா லா?" என்று ஒருவர் எழுத, குழுவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை அருவியும் நான் கொட்டியது.

அப்போது பீடோங்கில் ஒரு போட்டோ கடையில் வேலை பார்த்தேன். தோட்டத்து ஆட்கள் படத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வருவார்கள். பையைப் பிரித்தால் முதலில் மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலின் நாற்றம் வரும், அப்புறம்தான் படம் வரும். நான் மூக்கைச் சுளிப்பேன். அதே நாற்றமடிக்கும் தோட்டத்திலிருந்துதான் நானும் தினம் வேலைக்கு வந்தேன் என்பது வேறு கதை. இன்றைக்கு யாராவது அந்த நாற்றத்தைப் புட்டியில் அடைத்து விற்றால் முதல் ஆளாக வாங்குவேன்.

வருகிறவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான். எங்கள் லயத்திலேயே குடியிருந்த ராணி அக்கா, மகளின் படத்தை நீட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மாப்ள வீட்டுக்கு அனுப்பணும் தம்பி. பின்னால லயம் தெரியாம பண்ணு."

தெரியாமல் பண்ணினேன். முடிக்கற்றை ஒன்றுகூட வெட்டுப்படாமல் ஆளைப் பிரித்தெடுப்பதில் பீடோங்கிலேயே என்னை மிஞ்ச ஆளில்லை. இருந்ததே மூன்று கடைதான். முதலாளி மட்டும் ஒன்றில் கறாராக இருப்பார். "பழசை அழிக்காதப்பா, மறைச்சு மட்டும் வை. நாளைக்கே அருவி வேணாம், பூந்தோட்டம் போடும்பாங்க." அதனால் ஒவ்வொரு கோப்பிலும் அருவிக்கு அடியில் எங்கள் லயம் அப்படியே படுத்திருந்தது. கடையை மூடியபோது எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்துக்கொண்டேன். ஊருக்கு லயத்தைக் காட்ட இனி அது ஒன்றுதான் வழி.

கணினியை அணைத்துப் போட்டேன். அமைப்புகளையெல்லாம் பழையபடி மாற்றினேன். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். அதே வரி, அதே 'சரி'. "அதயே எத்தன வாட்டி மூடி மூடித் தொறப்பீங்க? சாப்பிட வாங்க" என்றாள் மனைவி. கடைசியில் மானத்தை விட்டு, கடையில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்த சீலனுக்குப் போன் போட்டேன்.

"புதுசு பழசை மதிக்காதுண்ணே. அதைத் தூக்கிட்டுப் பழைய வெர்ஷனப் போடுங்க. இன்டர்நெட்டக் கழட்டிடுங்க, இல்லாட்டி திரும்ப அப்டேட் ஆயிரும் லா."

மதியம் ராணி அக்கா மகளின் கோப்பு திறந்தது. அருவியை மறைத்துவிட்டு, அடியில் இருந்ததைத் திறந்தேன்.

லயம் நின்றது. தகரக் கூரை, பொதுக்குழாய், கொடியில் துணி, படம் பிடிப்பதை வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த பத்துப் பதினைந்து பேர். ஓரத்தில், பால் கறை படிந்த முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டுமாக, கையில் வாளியோடு ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அம்மா.

வேலை உடுப்போடு அம்மா படத்துக்கு நின்றதே இல்லை. "இருடா, சேலை மாத்திட்டு வரேன்" என்று உள்ளே போய், பவுடர் பூசி வந்து நிற்கும்போது முகம் இறுகியிருக்கும். அம்மா இறந்து மூன்று வருடமாகிறது. வீட்டில் மாட்டியிருப்பதெல்லாம் அந்த இறுகிய முகம்தான். இந்தச் சிரிப்பு என்னிடம் இல்லை.

படத்தைக் குழுவில் போட்டேன். எங்கள் குழாய், எங்கப்பா சைக்கிள் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். ராணி அக்கா குரலாகவே அனுப்பியிருந்தார். "இதையா தம்பி மறைக்கச் சொன்னேன்?"

அக்காவைச் சொல்லி என்ன? பெற்றவளை எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அம்மாவை அருவிக்கு அடியில் மறைத்துவிட்டு, ஆறு மணிக்குக் கடை அடைத்ததும் வீட்டுக்குப் போயிருப்பேன். அம்மா சோறு போட்டிருப்பாள். தின்றுவிட்டுப் படுத்திருப்பேன். படத்தில் பார்க்க என்ன இருந்தது? ஆள்தான் வீட்டில் இருந்தாளே.