நீலச் சாயம் குடித்த வெளிச்சம்

பசைக் கம்பெனியில் அவருக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். கலவை அறைக்குத் தலைவர். வாளி தூக்க வந்தவர்தான். மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற, நாற்காலி தானாகவே அவரிடம் வந்து சேர்ந்தது. அதையும் தன் திறமை என்றே சொல்லித் திரிந்தார். அந்தத் திறமையை, அதே அறையில் வேலை பார்த்த அவர் மச்சினி தேடித் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. அக்கா முகத்துக்காக வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடி ஒட்டும் பசை அது. அதில் கலந்த ரோஸ் சாயம் பச்சை ஒளியைக் குடித்ததும் பசை இறுகிவிடும். சிவப்பு ஒளியை அந்தச் சாயம் சீண்டாது. அதனால் அறையில் எப்போதும் சிவப்பு பல்புதான். சட்டாம்பிள்ளைக்குத் தெரிந்த விஞ்ஞானம் மொத்தமும் அந்த பல்போடு முடிந்தது.

மச்சினி ஒரு நீலச் சாயத்தோடு மல்லுக்கட்டி, தடித்த கண்ணாடிக்கும் தோதான பசைக்கு வழி கண்டிருந்தாள். அன்று அதைப் பார்க்க வரும் முதலாளிக்குப் பிடித்துவிட்டால் புதிய பிரிவு அவள் பொறுப்பில் வரும். பையில் ஒரு பச்சை பல்பும் கொண்டுவந்திருந்தாள்.

"அத்தான், இந்தச் சாயம் சிவப்பு வெளிச்சத்தைத்தான் குடிக்கும். இன்னிக்கு மட்டும் பல்பை மாத்திடலாம்."

"சர்க்கஸ் கூடாரமா இது, கலர் கலரா பல்பு போட? எனக்கே பாடம் எடுக்காதே. ஓரமா நில்லு."

நின்றாள். முதலாளி வந்ததும் சட்டாம்பிள்ளை தன் கையாலேயே சாயத்தைப் பசைப் பாத்திரத்தில் ஊற்றிக் கரண்டியால் கிளறினார்.

"புதுச் சாயமா? யார் செஞ்சது?" என்றார் முதலாளி.

"எல்லாம் நம்ம மூளைதான் சார். மச்சினி பாத்திரம் கழுவிக் குடுத்தா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் சொல்ல வாயெடுத்தவள், கரண்டியைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். தலைக்கு மேலே சிவப்பு பல்பு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பசை வெதுவெதுப்பானது. கரண்டி திணறியது, பிறகு அசையவேயில்லை. சட்டாம்பிள்ளை முக்கி இழுத்தார். பாத்திரமும் சேர்ந்து மேலே வந்தது.

"என்ன கண்றாவிச் சாயம் குடுத்தே நீ?" என்று அவள்மேல் பாய்ந்தார்.

"உங்க மூளைன்னு இப்போதானே சொன்னீங்க?" என்றார் முதலாளி.

பாத்திரம் தொங்கும் கரண்டியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அசடு வழிய நின்றார் சட்டாம்பிள்ளை. அவளுக்கு இரக்கம் கொஞ்சமும் வரவில்லை.

"மீதிச் சாயம் இருக்கு சார். நான் கலந்து காட்டறேன்."

"காட்டும்மா."

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"பையில பச்சை பல்பு இருக்கு அத்தான். எடுத்துக் குடுங்க."

முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். சட்டாம்பிள்ளை எடுத்துக் கொடுத்தார்.