எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடுகள்

செல்வி போய்விட்ட செய்தி விடியற்காலை ஐந்து மணிக்கு வந்தது. போனில் அவள் மகள் தனுஷா. "சித்தி, அம்மா எழுந்திருக்கல" என்றாள். அவள் பக்கத்தில் ஃபேன் ஓடும் ஓசை மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

என் அடுப்படி மூலையில், பழைய வேட்டித் துணியால் வாய் கட்டிய பானை இருந்தது. முந்தின நாள் மாலை செல்வி என் வீட்டில் பாகு காய்ச்சி, அதிரச மாவு பிசைந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். வெல்லமும் ஏலக்காயும் கலந்த வாசனை வீடு முழுக்க நின்றது. அந்த வாசனைக்குள் நின்றுகொண்டு, அவள் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். மனதில் ஒட்டவில்லை.

செந்தமிழ்ச்செல்வி கள்ளக்குறிச்சியில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். வாரிசுச் சான்று, பட்டா மாற்றம் என்று எதற்குப் போனாலும் இறப்புச் சான்றிதழின் நகல் வேண்டும். அதனால் யார் வீட்டில் சாவு என்பது அவள் கை வழியாகவே போகும். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் தீபாவளி கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். உறவுக்காரர்கள் பலகாரம் கொண்டுவந்து தருவார்கள். அப்படித் தர ஆள் இல்லாத வீடுகளுக்குச் செல்வி போவாள். நகல் எடுக்கும்போதே பேச்சுக் கொடுத்து, யாருக்கு யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வாள்.

பலகாரம் வைத்துத் தருவது பாத்திரத்தில் அல்ல, அவளே பின்னிய ஒயர் கூடையில். கூடையையும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுவாள். "ஏனத்துல குடுத்தா திருப்பிக் குடுக்கணுமேன்னு அவங்களுக்கு ஒரு ரோசன. வெறும் ஏனத்த எப்டிக் குடுக்கறதுன்னு இன்னொரு ரோசன. எதுக்கு?" என்பாள்.

என் அம்மா இறந்த வருஷம் பச்சைக் கூடையோடு என் கதவைத் தட்டியவள் அவள். இருசம்மாளும் அப்படித்தான் எங்களுக்குக் கிடைத்தாள். புருஷனின் இறப்புச் சான்றிதழோடு மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து இறங்கி வந்தவள். "எங்க மலையில இந்த வழக்கம் இல்லன்னு சொன்னேன். 'இல்லன்னா இன்னா, தின்னு'ன்னா" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அதன் பிறகு அவள் சந்தைக்கு இறங்கும் நாளெல்லாம் தேனும் சாமையும் செல்வி வீட்டுக்கு வந்தன. செல்வி பின்னுவாள், நாங்கள் ஒயர் வெட்டிக் கொடுப்போம். யார் மகனுக்கு எங்கே வேலை, யார் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கும். மலையில் மேகம் இறங்கினால் மரம் எது, வீடு எது என்று தெரியாதே, அதுபோல அவர்கள் வீட்டுச் சேதியும் என் வீட்டுச் சேதியும் ஒன்றாகிவிடும்.

இந்த வருஷக் கூடை கண்ணகிக்கு. திருக்கோவிலூரில் இருக்கும் கண்ணகி, பள்ளியில் செல்வியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். தனுஷாவின் மஞ்சள் நீராட்டுக்குத் தட்டு நிறைய அதிரசம் சுட்டு எடுத்து வந்தாள். செல்வி கூட்டத்தில் வேடிக்கையாக, "இன்னாடி இது, பல்லு பேந்துடும் போல" என்றுவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். கண்ணகி சாப்பிடாமல் பஸ் ஏறினாள். ஆறு வருஷம் பேச்சில்லை. இந்த ஆனியில் கண்ணகியின் கணவர் ராமசாமி இறந்தபோது, செல்வி போய்க் கூட்டத்தின் பின்னால் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டாள்.

அந்தக் கடைசி மாலையில் என் அடுப்படியில் பாகைக் கிளறிக்கொண்டே அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "வாங்குவாளா எழிலு? மூஞ்சில கதவ சாத்துனா இன்னா பண்றது?"

"வாசப்படியில வெச்சுட்டு வந்துடு."

"நாய்க்கா வெக்கறேன்? அவ கையில குடுக்கணும்."

சாவன்று செல்வியின் வீட்டில் ஆக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டிவிட்டார்கள். பானை என் வீட்டில் இருந்ததால் தப்பியது. தீபாவளிக்கு முந்தின நாள் இருசம்மாள் இறங்கி வந்தாள்.

"செத்தவ பெசஞ்ச மாவு. துக்க வூட்டுக்கு எடுத்துக்கினு போலாமா?" என்று கேட்டேன்.

அவள் துணியை அவிழ்த்து, ஒரு விரலால் தொட்டு வாயில் வைத்தாள். "பெசஞ்சப்ப உசுரோடதானடி இருந்தா. சட்டிய வை."

நான் சுட்டேன். முதலில் எடுத்தது தனுஷாவுக்கு; அவர்கள் வீட்டிலும் இனி ஒரு வருஷம் சட்டி இல்லை. மீதியை, செல்வி பானையோடு விட்டுப்போயிருந்த நீலக் கூடையில் அடுக்கினோம்.

பஸ்ஸில் கூடை என் மடியில் இருந்தது. இருசம்மாளின் தேன் பாட்டிலுக்குள் வெயில் புகுந்து, அவள் புடவை மேல் ஒரு மஞ்சள் வட்டம் ஆடிக்கொண்டே வந்தது. அதைப் பார்த்தபடி கண்ணயர்ந்தேன். பக்கத்தில் செல்வி உட்கார்ந்து, "சாயாம புடி" என்றாள். நிமிர்த்திப் பிடித்தேன். விழித்தபோது திருக்கோவிலூர்க் கோபுரம் வெளிச்சத்தில் பாதி கரைந்து நின்றது.

கதவைத் திறந்த கண்ணகி எங்களைப் பார்க்கவில்லை, கூடையைத்தான் பார்த்தாள். யார் பின்னியது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஏன், மகாராணி வரமாட்டாங்களாமா? காலு வலிக்குதா?"

இருசம்மாள்தான் சொன்னாள். கண்ணகி கதவைப் பிடித்தபடி அப்படியே கீழே உட்கார்ந்தாள். தெருவில் யாரோ பட்டாசு ஒன்றை வெடித்துப் பார்த்தார்கள். அந்தப் புகை எங்களைத் தாண்டிப் போய் மறைந்தது. பிறகு கண்ணகி கையை நீட்டினாள். கூடையை அந்தக் கையில் கொடுத்தேன்.

ஒரு அதிரசத்தை எடுத்துக் கடித்தாள். கடிபடவில்லை. இன்னொரு பக்கம் கடித்தாள்.

"சுட்டது யாரு?"

"நாந்தான்."

"மாவு அவ கைப்பக்குவம். சுட்டதுதான்…" மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள். "பல்லு பேந்துடும் போல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே உடைந்து அழுகையானது. இருசம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து தேன் பாட்டிலின் மூடியைத் திருகினாள். "இத்த தொட்டுக்க, எறங்கும்."

அந்தக் கூடை இப்போது கண்ணகியின் அடுப்படி ஆணியில் மாட்டியிருக்கிறது. அதற்கு ஒரு பிடிதான் உண்டு. மறு பிடிக்கு அளந்து வெட்டிய ஒயர்கள் ஒரு ஓரத்தில் கோத்தபடி, பின்னப்படாமல் தொங்குகின்றன.