சைகோனில் காக்கா இல்லை

ஊர் பார்க்கப் போகிறவர்களை விமானம் ஏற்றிவிடுவது சுலபம்; சாப்பிடப் போகிறோம் என்று கிளம்புகிறவர்களை ஏற்றிவிட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் என் பொழப்பு.

ஹூஸ்டன் ஹில்கிராஃப்ட் அவென்யூவில், ஒரு புடவைக் கடைக்கு மாடியில் எங்கள் டிராவல்ஸ். என் பெயர் ஸ்டெல்லா, சொந்த ஊர் தூத்துக்குடி. முன்னே சாஃப்ட்வேர் டெஸ்டராக இருந்தேன். லே ஆஃப் ஆன துக்கத்தில் தன்னந்தனியாக வியட்நாம் போனேன். ரோட்டோரத்தில் முழங்கால் உயர ஸ்டூலில் உட்கார்ந்து பத்து நாள் தின்று தீர்த்ததில் மறுபடி மனுஷியானேன். அந்தச் சந்தோஷத்தை நம் ஜனங்களுக்கும் காட்டவேண்டும் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். முதலாளி ரமேஷ் சார் வியட்நாம் செக்‌ஷனையே என் தலையில் கட்டிவிட்டார். முதல் இரண்டு குரூப்பும் திரும்பி வந்து ஒரே புலம்பல். மூன்றாவது குரூப் கிளம்புமுன் சார் என்னைக் கூப்பிட்டார். நீங்களும் நாலு பேருக்கு நல்லது செய்யப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர் என்றால், இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருப்பீர்கள்: "ஸ்டெல்லா, இந்தப் பதினாலு பேரும் நல்லா சாப்பிட்டோம்னு எழுதிக் குடுத்தா வியட்நாம் இருக்கும். இல்லைன்னா மூடிட்டு மெக்சிகோல கான்கூன் போட்டுடலாம், அங்க பீச் இருக்கு, யாரும் சாப்பாட்டைப் பத்திப் பேச மாட்டாங்க."

பெட்டிக்குள் சமையலறை

பதினாலு பேரில் எனக்கு நெருக்கம் செந்திலும் கவிதாவும். கோயம்புத்தூர்க்காரர்கள், ஷுகர்லேண்டில் வீடு, எட்டாவது படிக்கும் நிலா என்று ஒரே பெண். செந்திலின் அப்பா இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அப்போது கிரீன் கார்டு கைக்கு வரவில்லை. ஊருக்குப் போனால் திரும்பி அமெரிக்காவுக்குள்ளே வர முடியுமோ முடியாதோ என்று பயந்து போகாமலே இருந்துவிட்டான். காரியம் எல்லாவற்றையும் போனில் வீடியோவில்தான் பார்த்தான். அதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, சிரிப்பதில்லை. "எங்கியாச்சும் கூட்டிட்டுப் போய் இந்த மனுசனை நாலு வாய் நல்லா திங்க வெக்கோணுங்க்கா" என்று சொல்லித்தான் கவிதா இந்த டூரில் பெயர் கொடுத்தாள்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அவர்கள் பெட்டியைப் பார்க்கப் போனேன். ரைஸ் குக்கர், அஞ்சு கிலோ பொன்னி அரிசி, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, மூன்று வகை ஊறுகாய். மாற்று உடுப்பைத் தேடினால்தான் கண்ணில் படும். "ஏம்மா, மூணு போகம் நெல் விளையற நாட்டுக்கு ஹூஸ்டன்ல இருந்து அரிசி தூக்கிட்டுப் போறியே, அடுக்குமா?" என்று தலையில் அடித்துக்கொண்டேன். கவிதா பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்தபடி சொன்னாள்: "நாங்க தெருச் சாப்பாடு சாப்பிடத்தானுங்க்கா போறோம், இது சும்மா, ஒருவேளை சாப்பாடு கெடைக்கலீன்னா."

உட்காரும் பயிற்சி

பெல்லேர் பக்கம் வியட்நாம் கடைகள் வரிசையாக இருக்கும். அதில் பான் மீ கடை, அதாவது அவர்கள் ஊர் சாண்ட்விச் கடை, வைத்திருப்பவள் லான். என் வயதுதான், வாய் என்னைவிட நீளம். ஒவ்வொரு குரூப்பும் கிளம்புமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கடை வாசலில் ஒத்திகை வைப்பேன். சின்ன பிளாஸ்டிக் ஸ்டூல்களை லான் போட்டுத் தருவாள். எனக்குத் தெரிந்ததை எல்லாம் கொட்டுவேன். உள்ளூர்க்காரர்கள் வரிசையில் நிற்கும் தள்ளுவண்டியில் சாப்பிடுங்கள். ஒரே ஒரு பண்டம் விற்கிற வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். நடுவில் ஓட்டை போட்ட ஐஸ் என்றால் ஃபேக்டரியில் செய்தது, பயமில்லை; உடைத்துப் போட்ட கட்டி ஐஸ் வேண்டாம்.

எல்லோரும் தலையாட்டினார்கள். மதுரைக்காரரான டாக்டர் அங்கிள் மட்டும் ஸ்டூலையே முறைத்துக்கொண்டிருந்தார். ரிட்டையர் ஆனவர், இரண்டு முட்டியும் ஆபரேஷன் செய்தவர். கடைசியில் வீம்புக்கு உட்கார்ந்தார். பத்து நிமிஷம் கழித்து அவரைத் தூக்க செந்தில், நான், லான் மூன்று பேரும் வேண்டியிருந்தது. சட்டையை உதறிக்கொண்டே கேட்டார்: "உட்கார்றதுக்கு ஒத்திகை வச்சுட்டம்மா, சரி, எந்திரிக்கிறதுக்கு எப்ப வைப்ப?"

ஒரே ஒரு சொட்டு

வியட்நாமில் மீன் சாஸ் இல்லாத சமையலைத் தேடுவது பருப்பு இல்லாத சாம்பாரைத் தேடுவது மாதிரி. காய்கறிப் பொரியலிலும் ஊற்றுவார்கள், தொட்டுக்கொள்ளும் தண்ணியிலும் ஊற்றுவார்கள். சைவம் வேண்டுமென்றால் போர்டில் 'சாய்' என்று போட்ட கடையைத் தேடவேண்டும், அதுதான் அவர்கள் பாஷையில் சைவத்துக்குப் பெயர். இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே குரூப்பில் ஒரு சைவ ஆன்ட்டி லானின் அடுப்படிக்குள் போய்விட்டார். லான் அரிசிமாவில் மஞ்சள் கலந்து மொறுமொறுவென்று சுட்ட பான் செவ்வைப் பார்த்ததும் "அட, நம்ம தோசை!" என்று ஆன்ட்டிக்கு நாக்கு ஊறிவிட்டது. ஆனால் தொட்டுக்கொள்ளும் கிண்ணத்தில் மீன் சாஸ்.

"ஒரு சொட்டுதானே? மீன் கண்ணுல படலையே? அது சேர்த்தியா?" என்று ஆன்ட்டி லானைக் குறுக்கு விசாரணை செய்தார். சேர்த்தி இல்லை என்று யாராவது சொல்லிவிடமாட்டார்களா என்கிற ஏக்கம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. லான் தோசைத் திருப்பியும் கையுமாக என்னிடம் வந்து இங்கிலீஷில் கேட்டதை அப்படியே சொல்கிறேன்: "ஸ்டெல்லா, இவங்களுக்கு நான் சாப்பாடு போடணுமா, பாவ மன்னிப்பு குடுக்கணுமா, ஒண்ணைச் சொல்லு."

எதிர்ப் பக்கம்

ஹனோயில் இறங்கிய மறுநாளே ஆரம்பித்துவிட்டது. அங்கே காலை ஏழு என்றால் எனக்கு இங்கே ஹூஸ்டனில் சாயங்காலம் ஏழு, சரியாகச் சாப்பாட்டில் கை வைக்கும்போது போன் வரும். அந்த ஊரில் ரோட்டைக் கடக்க ஒரே வழிதான். ஓடாதே, நிற்காதே, ஒரே சீராக நட, பைக்குகள் உன்னைச் சுற்றிக்கொண்டு போகும். ஒத்திகையில் இதைச் சொன்னபோது, "உக்கடம் பஸ் ஸ்டாண்டுல ரோடு கடந்தவங்க நாங்க" என்று செந்திலே நக்கலாகச் சொன்னான். இருபது வருஷமாகச் சிக்னல் பொம்மையைப் பார்த்து நடந்த காலுக்கு உக்கடம் எப்படி ஞாபகம் இருக்கும்?

ஏரிக்கரையில் பதினாலு பேரும் கைகோர்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார்கள். எதிரே கண்ணுக்குத் தெரிகிறது நான் எழுதிக் கொடுத்த நூடுல்ஸ் கடை. ஆவி பறக்கிறது, ஜனம் சாப்பிடுகிறது. கடைசியில் என்ன செய்தார்கள் என்று கவிதா போனில் சொன்னபோது எனக்குத் தட்டைத் தூக்கிப் போடலாமா என்றிருந்தது: "எதிர்ப் பக்கம் போறதுக்கு நாலு டாக்ஸி பிடிச்சோமுங்க்கா, டிரைவருங்க எல்லாம் கடைசி வரைக்கும் சிரிச்சிட்டே ஓட்டுனாங்க."

இருநூற்றிருபது

அடுத்த ஊர் ஹோய் ஆனில் செந்தில் மறுபடி சாப்பாட்டைத் தள்ள ஆரம்பித்தான். ஒரு கிண்ணம் வாங்கினால் நாலு வாய், மீதி நிலாவுக்கு. கவிதாவுக்கு மனசு கேட்கவில்லை, ரூமில் குக்கரை எடுத்துச் சொருகிவிட்டாள். நம் அமெரிக்கக் குக்கர் நூற்றுப்பத்து வோல்ட், அங்கே சுவரில் வருவது இருநூற்றிருபது. போன் சார்ஜர் தாங்கும், குக்கர் தாங்குமா? இதை நான் கொடுத்த தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். அந்தத் தாளில்தான் ஊறுகாய் பாட்டிலைச் சுற்றியிருந்தாள்.

அந்த மாடி பூராவும் கரண்ட் போய்விட்டது. ஹோட்டல்காரர்கள் புகையை மோப்பம் பிடித்து ஓடிவந்தார்கள். நான் போனில் கத்தினேன், உண்மையாகவே கத்தினேன். இந்த டூரை நம்பி ஒருத்தி இங்கே உட்கார்ந்திருக்கிறாளே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கவிதாவும் மறுமுனையில் மூக்கை உறிஞ்சினாள்: "அரிசி அப்படியேதானுங்க்கா இருக்குது, குக்கர்தான் வெந்துபோச்சு."

என் காலண்டரில் இல்லாத நாள்

டூரின் உச்சம் சைகோனில்தான். அதுதான் என் துருப்புச் சீட்டு. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து எட்டு வண்டிகள். கரியில் சுட்ட பன்றி, நண்டு சூப், வறுத்த கோழி என்று நானே ஒவ்வொன்றாகத் தின்று பார்த்துப் பொறுக்கியவை. அன்றைக்குப் பதினாலு பேரும் வயிறாரச் சாப்பிட்டால் முன்னே நடந்தது எல்லாம் மறந்துபோகும், வியட்நாம் பிழைத்துக்கொள்ளும் என்று மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏழு மணிக்குக் கவிதாவிடமிருந்து போன். கோயம்புத்தூரிலிருந்து செந்திலின் அம்மா காலங்காத்தாலே வாட்ஸ்அப் அனுப்பியிருக்கிறார், இன்றைக்கு மகாளய அமாவாசை என்று. இறந்துபோன சொந்தங்களுக்குப் படைக்கிற நாள். நான் வேதக்காரி. என் காலண்டரில் தவக்காலம் இருக்கும், பெரிய வெள்ளி இருக்கும், புரட்டாசி ஏது? டிக்கெட் தோதாகக் கிடைத்த வாரம் என்று போட்டுவிட்டேன். பதினாலு இந்துக்களை, புரட்டாசி அமாவாசையில், பன்றி சுடுகிற வண்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். லானுக்குப் போன் போட்டேன். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது: "அட கிறுக்கி, அமாவாசைன்னா எங்களுக்கும் சாய் நாள்தான், எங்க ஊர்ல பாதி வண்டி இன்னைக்குக் கறியைத் தொடாது, போர்டைப் பார்க்கச் சொல்லு!"

காக்கா

லானையும் வீடியோ காலில் சேர்த்துக்கொண்டேன். இரண்டே சந்து தள்ளி 'சாய்' போர்டு தொங்கும் ஒரு வண்டி. ஐம்பது வயசு அம்மா ஒருத்தர், பதினாலு ஸ்டூல், பதினாலு கிண்ணம். இடியாப்பம் மாதிரி வெள்ளை நூல், டோஃபு, காளான், புதினா. மீன் சாஸ் ஒரு சொட்டுக்கூட இல்லை என்று லான் இங்கிருந்தே கேட்டு உறுதிப்படுத்தினாள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் யாரும் கிண்ணத்தைத் தொடவில்லை. செந்தில் காக்காவுக்கு வைக்கவேண்டும். அவன் வைத்து, அது தொட்டு, அவன் சாப்பிட்ட பிறகுதான் தாங்கள் என்று டாக்டர் அங்கிளே சொல்லிவிட்டார்.

ஹூஸ்டனில் இந்தச் சிக்கல் கிடையாது. மளிகைக்கடை பார்க்கிங் லாட்டில் கிராக்கிள் என்று கூட்டம் கூட்டமாக ஒரு கறுப்புப் பறவை திரியும். நம்மவர்கள் அதையே காக்காவாக வைத்து ஒப்பேற்றிவிடுவார்கள். அந்தத் தெருவில் அண்ணாந்து பார்த்தால் மின்சாரக் கம்பிதான் கத்தை கத்தையாகத் தொங்கியது, ஒரு காக்கா இல்லை. "அம்மா, வாட் அபௌட் எ பிஜன்?" என்று நிலா கேட்டாள். செந்தில் உள்ளங்கையில் ஒரு பிடி வைத்துக்கொண்டு, கா கா என்று ஒருதரம் கூப்பிட்டான். போகிற பைக்குகள் திரும்பிப் பார்த்தன. இன்னொருதரம் கூப்பிடும்போது குரல் உடைந்துவிட்டது. "அப்ப நான் வரலை, இப்ப நீங்க வரலை" என்று நடுத்தெருவில் நின்று அழுதான். ஒன்றரை வருஷமாக வராத அழுகை. எனக்கு இங்கே தட்டு மங்கலாகிவிட்டது.

வண்டிக்கார அம்மா என்ன ஏது என்று கேட்டார். லான் போனிலிருந்து அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். அந்த அம்மா செந்தில் கையிலிருந்ததை ஒரு புதுக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டார். வண்டிக்குப் பின்னால் சுவரோரம் சின்னப் பலகை ஒன்று இருந்தது. அதில் ஒரு கிழவர் போட்டோ, பழம், ஊதுவத்தி. அந்தப் போட்டோவுக்கு முன்னால் கிண்ணத்தை வைத்து, இன்னொரு ஊதுவத்தியைக் கொளுத்தி செந்தில் கையில் கொடுத்தார். பிறகு போட்டோவைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு, ஸ்டூலைக் காட்டி, சாப்பிடு என்று சைகை செய்தார். செந்தில் உட்கார்ந்தான். முழுக் கிண்ணம் சாப்பிட்டான், இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அந்த அம்மா என்ன சொன்னார் என்று லானைக் கேட்டேன். மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "எங்கப்பா இத்தனை நாள் தனியாத்தான் சாப்பிட்டாரு, இன்னைக்குத் துணைக்கு ஆள் வந்திருக்காருன்னு சொல்றாங்க."

பதிமூன்று தாள்

இதோடு கதை சுபம் என்று நினைத்தீர்களானால் நீங்கள் வாடிக்கையாளர்களோடு பழகியதே இல்லை. திரும்பி வந்து கருத்துத் தாள் நிரப்பினார்கள். 'ஸ்டூல் மிகவும் தாழ்வு.' 'ரோடு கடக்க ஏற்பாடு இல்லை.' 'தெருச் சாப்பாடு என்று கூட்டிப்போய் சைவம் மட்டும் கொடுத்தார்கள்.' இந்த மூன்றாவதை எழுதியது, ஒரு சொட்டு மீன் சாஸ் சேர்த்தியா என்று கேட்ட அதே சைவ ஆன்ட்டி. ரமேஷ் சார் பதிமூன்று தாளையும் படித்து, ஓரமாகத் தட்டி அடுக்கி வைத்தார். திட்டவில்லை, கான்கூன் ஃபைலை எடுத்து என் பக்கம் தள்ளினார். சுவரில் இருந்த வியட்நாம் படத்தை நானே கழற்றினேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன், அதில் என்ன வெட்கம்?

பதினாலாவது தாள் செந்திலுடையது. அவன் எழுதவில்லை, நேரில் மாடியேறி வந்தான். மூன்று கிலோவாவது ஏறியிருப்பான். செக்‌ஷனையே மூடியாச்சு செந்தில், இனிமேல் கான்கூன்தான் என்றேன். வெறும் சுவரைப் பார்த்தபடி சொன்னான்: "மூடிட்டுப் போகட்டுமுங்க்கா, அடுத்த அமாவாசைக்கு எனக்கு மட்டும் அந்த வண்டிக்கே டிக்கெட் போட்டுக் குடுங்க, எங்கப்பா அங்கதான் எனக்காகக் காத்திருப்பாரு."

செந்திலுக்கு அந்த ஒற்றை டிக்கெட்டைப் போட்டுக் கொடுத்தாயிற்று. கான்கூன் செக்‌ஷனில் என் முதல் வேலையாக அங்கே காக்கா உண்டா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.