பஞ்சு அக்கா

பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் பஞ்சு அக்கா. பல் மருத்துவமனை வேனில் பள்ளி பள்ளியாகப் போய், சின்னப் பிள்ளைகளின் கடைவாய்ப் பல் பள்ளங்களில் சொத்தை விழாமலிருக்க சீலன்ட் என்கிற பூச்சைப் பூசிவிடுவது வேலை. பூசி நீல விளக்கைக் காட்டினால் இறுகிவிடும். வலி துளியும் இல்லை. ஆனால் இறுகுமுன் எச்சில் பட்டதோ, போச்சு. சில மாதத்தில் பெயர்ந்துவிடும். அதனால்தான் கன்னத்துக்குள் பஞ்சுருளை, அதனால்தான் அந்தப் பெயர்.

வீட்டில் அவளோடு பேச ஈ காக்காய் கிடையாது. கல்யாணம் தட்டித் தட்டிப் போய், ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சே நின்றுபோனது. இருந்த ஒரே தங்கையும், அம்மா போன மறுமாதம், அம்மாவின் தையல் மெஷின் யாருக்கு என்று சண்டை பிடித்துக்கொண்டு போனவள்தான். ஆகவே குழாய் ஒழுகுவதிலிருந்து தங்கை கதை வரை எல்லாம் பல் பார்க்கும் மடக்கு நாற்காலியில் கிடக்கும் பிள்ளையிடம்தான். "அவ அப்படிப் பேசலாமா, நீயே சொல்லு" என்று கேட்டால் ஏழு வயதுப் பிள்ளை சும்மா இருக்குமா? பஞ்சோடு பஞ்சாக நியாயம் சொல்லும். நாக்கு புரளும், பல் நனையும்.

மறுபரிசோதனையில் இவள் பூசியவைதான் அதிகம் பெயர்ந்திருந்தன. டாக்டரம்மா இவளைவிட இளையவர், கோபப்படத் தெரியாதவர்.

"உங்க கைல குறை இல்லக்கா. வாய்தான் சும்மா இருக்க மாட்டேங்குது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களைக் கருவி கழுவுற ரூமுக்குத்தான் மாத்தணும்."

அந்த அறையில் பிள்ளைகள் கிடையாது. அன்றோடு வாய்க்குப் பூட்டுப் போட்டாள்.

பூச்சு பெயர்ந்த பிள்ளைகளுக்கு மறுபடி பூசும் நாள் வந்தது. டாக்டரம்மா பக்கத்திலேயே நின்றார். ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி முதலில் ஏறிப் படுத்தாள். இவள் பஞ்சைக் கையில் எடுப்பதற்குள் கேட்டுவிட்டாள்.

"அக்கா, உங்க தங்கச்சி அப்புறம் போன் பண்ணாங்களா?"

இவள் கை நின்றுவிட்டது. இத்தனை மாதத்தில் அதை ஒருத்தரும் கேட்டதில்லை. இவளுக்குத் தங்கை இருப்பதே டாக்டரம்மாவுக்குத் தெரியாது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் ஒரு வார்த்தை பதில் சொன்னால் போதும், இந்த வாயாடி லேசில் விடமாட்டாள்.

"அப்புறம் சொல்றேன்மா. ஆ காட்டு."

பஞ்சு வைத்தாள், உலர்த்தினாள், பூசினாள், விளக்கைப் பிடித்தாள். சிறுமி இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். இவள் பல்லை மட்டும் பார்த்தாள்.

டாக்டரம்மா கம்பியால் நெருடிப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்குக்கா. இந்தப் பாப்பா இனிமே பூச்சுக்கு நம்மகிட்ட வர வேண்டியதே இல்ல."

அதைக் கேட்டதுதான் தாமதம், சிறுமி இறங்கி வகுப்பைப் பார்த்து ஓடிவிட்டாள். "இல்லம்மா, பண்ணல" என்று சொல்ல இவள் முகக்கவசத்தை இறக்கியபோது, அடுத்த பிள்ளை ஏறிப் படுத்து வாயைத் திறந்து வைத்திருந்தது.