அஸ்கரி பேகத்தின் நெஞ்சுப் படம்

1968ஆம் ஆண்டு நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. மாரண்டஹள்ளியில் விடியலிலிருந்தே தூறல், வெயில் தலைகாட்டவில்லை.

மறுநாள் அறுவைச் சிகிச்சைக்குச் சேர வேண்டிய அஸ்கரி பேகம், தகரப்பெட்டியைக் கவிழ்த்துத் தேடினாள். நெஞ்சின் எக்ஸ்ரே படத்தைக் காணவில்லை.

அந்தப் படத்திற்காக அவள் பட்டது கொஞ்சமல்ல. தொண்டையை மரக்கச் செய்து, மூச்சுக்குழலுக்குள் குழாய் விட்டு, படத்தில் காற்றுக்கிளைகள் தெரிவதற்காக எண்ணெய் போன்ற மருந்தை ஊற்றினார்கள். தண்ணீரில் அமுக்கப்பட்டவளைப் போலத் துடித்தாள். காசநோய் அரித்த வலப்பக்க நுரையீரலின் மேல்மடலை எடுத்தால்தான் இருமலில் இரத்தம் வருவது நிற்கும், உயிர் தங்கும். ஆனால் அம்மடலுக்குரிய காற்றுக்கிளை, மற்றவர்களுக்குப் பிரியும் இடத்தில் பிரியாமல், மூச்சுக்குழலிலிருந்தே நேராகக் கிளம்பியிருந்தது. எங்கே கட்டுவது, எங்கே வெட்டுவது என்பதற்கு அப்படமே வழி. பத்திரமாகக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் மருத்துவர்.

வாசலில் அவள் கணவர் அப்துல் ரஷீத் தகர விளக்குக்கூண்டு செய்துகொண்டிருந்தார். கண்ணாடிக்குப் பதிலாக, கழித்துப்போட்ட எக்ஸ்ரே படங்களைச் சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, கருப்பைத் தேய்த்தெடுத்துப் பொருத்துவது அவர் வழக்கம்.

"ஏங்க, பெட்டியில இருந்த படம்?"

"சந்தைக்கு ஒரு தகடு கொறஞ்சுது. வெளுத்துட்டேன்."

"அது என் நெஞ்சுப் படங்க."

"நெஞ்சு உன்கிட்டதானே இருக்குது? படம் எதுக்கு?"

கூண்டு வாங்க வந்திருந்த காளியப்பன் ஒரு பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தான். "பாய், இது மட்டும் பளிச்சுனு இருக்குதுங்களே."

"எம் பொஞ்சாதி நெஞ்சுங்க. உள்ள ஒண்ணுமில்ல, அதான்."

இருவரும் சிரித்தனர். காளியப்பன் அந்தக் கூண்டையே கேட்டு வாங்கிக்கொண்டான். அஸ்கரிக்கு இருமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் மருத்துவமனையில் மருத்துவர் நடந்ததைக் கேட்டுவிட்டு, படம் இல்லாமல் எங்கே வெட்டுவது என்று ரஷீதைக் கேட்டார்.

"குத்துமதிப்பா வெட்டுங்களேன் சார்," என்றார் ரஷீத்.

"இது தகரம் இல்லய்யா." மருத்துவர் அஸ்கரியின் பக்கம் திரும்பினார். "கிளை எங்கே போகுதுன்னு பாக்காம நான் கத்தி வைக்க மாட்டேம்மா. மறுபடியும் குழாய் விட்டுப் படம் எடுக்கணும்."

"எடுங்க சார். இவ எதையும் தாங்குவா," என்றார் ரஷீத்.

மருத்துவர் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"நீ சொல்லும்மா. தாங்குவியா?"

"மாட்டேனுங்க."