பிள்ளையார்பாளையம்: சாய அடுப்பின் பின்பக்கம்

காஞ்சிபுரத்துக்குப் போய் ஒரு கோயில்கூடப் பார்க்காமல், ஒரு புடவைகூட எடுக்காமல் திரும்பியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போனது இந்த 1974 மாசியில். எழுதுவது ஆடியில். போய்வந்த கையோடு எழுதியிருக்கலாம். ஆனால் அந்த அடுப்பு என்ன ஆயிற்று என்று தெரியாமல் எழுத மனம் வரவில்லை. தெரிந்த பிறகு குழந்தைக்குப் பல் முளைக்கும் காய்ச்சல்.

நான் ரசாயனம் படித்த பட்டதாரி. கணவர் வடக்கே ஓர் இரும்பாலையில் வேலை பார்க்கிறார்; வருஷத்துக்கு இரண்டு முறை வருவார், மாதத்துக்கு இரண்டு கடிதம். ஆலைகளில் எரிபொருளை எப்படி மிச்சப்படுத்தலாம் என்று சொல்லித்தரும் ஒரு சின்ன அலுவலகத்தில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. எண்ணெய் விலை ஏறியதிலிருந்து அவர்களுக்குக் கிராக்கி. பட்டுக்குச் சாயம் போடும் பட்டறைகளுக்குப் புதுமாதிரி அடுப்பு கட்டித் தருவதாகத் திட்டம். செலவில் பாதி சாயக்காரருடையது, பாதி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துடையது. பழைய அடுப்பில் சூடு எங்கெங்கே வீணாகிறது என்று நான் ஒரு நாள் உட்கார்ந்து அளந்து படிவத்தில் எழுத வேண்டும். எழுதிய இடத்தையெல்லாம் கொத்தனார் செங்கல் வைத்து அடைத்துவிடுவார். அவ்வளவுதான் வேலை, சுலபம் என்றார்கள்.

வீடு தங்கசாலையில். பாரிமுனை பேருந்து நிலையத்துக்கு இருபது நிமிட நடை. விடிகாலை நாலே காலுக்குக் குழந்தைக்குப் பால் கொடுத்தேன். ஏழு மாதம் ஆகிறது. அதுவரை அரை நாள்கூட அவளைப் பிரிந்ததில்லை. நாத்தனார் மடியில் போட்டபோது சிணுங்கவில்லை. சிணுங்கியிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது, என்ன புத்தியோ. திரும்ப மூணு மணி பஸ்தான் கடைசி, விட்டுவிடாதே என்று மட்டும் நாத்தனார் சொன்னாள்.

ஐந்தே காலுக்குப் பேருந்து. கட்டணம் இரண்டு ரூபாய் எண்பது பைசா. பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாக ஏறக்குறைய எழுபத்தைந்து கிலோமீட்டர். இரண்டு மணி இருபது நிமிஷம். பெண்கள் இருக்கையில் என் பக்கத்து இடம் ஸ்ரீபெரும்புதூர்வரை காலி. பையில் ஒரு சுருள்வில் தராசு, இரண்டு வெப்பமானி. கண்ணாடி உடையாமலிருக்க வெப்பமானிகளைக் குழந்தையின் துணியில் சுற்றிவைத்திருந்தேன். பையைத் திறந்தபோதெல்லாம் அந்த வாசனை வந்தது. பிறகு திறக்கவில்லை.

ஏழு முப்பத்தைந்துக்குக் காஞ்சிபுரம். நிலையத்துக்கு வெளியே சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் மொய்ப்பார்கள். புடவைக் கடைக்கு ஆள் கொண்டுபோனால் அவர்களுக்குக் கமிஷன். எனக்கு வாய்த்தவர் எந்தக் கடை என்றுதான் முதலில் கேட்டார். பிள்ளையார்பாளையம், சாயப்பட்டறை என்றேன்.

"அங்க இன்னாமா இருக்குது? நாத்தம்தான் இருக்குது" என்றார். முக்கால் ரூபாய் வாங்கிக்கொண்டார்.

நாற்றம் உண்மை. சோப்பும் சோடாவும் கொதிக்கும் வாசனையோடு ஈரப்பட்டின் வாசனை. தெருவில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். பட்டறைக்காரர் பெயர் ஏகாம்பரம், ஐம்பது வயது இருக்கும், முழங்கைவரை அரக்குச் சிவப்பு. கச்சாப் பட்டில் ஒரு பிசின் இருக்கிறது. முதலில் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து அதைக் கழற்ற வேண்டும், பிறகுதான் சாயத் தொட்டி. இரண்டுக்கும் தண்ணீர் தளதளவென்று இருந்தாக வேண்டும். ஆளுயரத்தில் பாதிக்கு ஒரு கோட்டை அடுப்பு, மேலே இரண்டு செம்பு அண்டா, கீழே சவுக்குக் கட்டை.

நான் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தராசில் மாட்டினேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

"சாம்பலையும் நிறுக்கணும்மா, உட்டுடாதீங்க" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். படிவத்தில் சாம்பலுக்கும் ஒரு கட்டம் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

மத்தியானத்துக்குள் நான்கு இடம் கண்டுபிடித்துவிட்டேன். விறகு வாய் அகலம், அண்டாவுக்கு மூடி கிடையாது, புகைபோக்கி கிடையாது. நான்காவதுதான் பெரிது. அடுப்பின் பின்சுவரில், பின்னாலுள்ள சந்தின் பக்கமாக, இரண்டு முழ நீளத்துக்குத் திறப்பு. அதன் வழியாக நாக்கு நாக்காய் நெருப்பு வெளியே வந்து வெறும் காற்றைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. எதற்கு இது என்று ஏகாம்பரத்தைக் கேட்டேன். தொட்டியில் பட்டுநூல் சிட்டத்தைக் கோலில் புரட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்:

"அது பொம்பளைங்க பக்கம்மா. எனக்குத் தெரியாது."

எனக்கும் விளங்கவில்லை. படிவத்தில் இரண்டே பத்தி: பயன், வீண். வீண் என்பதன் கீழ், நான்கு என்று எண் போட்டு, திறப்பின் அளவையும் சூட்டையும் எழுதினேன். நான் போட்ட கணக்கில் எரிகிற ஐந்து கட்டைகளில் ஒன்று அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நல்ல கண்டுபிடிப்பு என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஒரு மணிக்குமேல் உட்கார முடியவில்லை. விடிகாலை கொடுத்த பால். மார்பு கல்லாகக் கட்டி, தோள்வரை தெறித்தது. மடித்து வைத்திருந்த துணி நனைந்து, ரவிக்கை நனைந்து, முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு கணக்கு எழுதுவதுபோலக் குனிந்திருந்தேன். இதை யாரிடம் சொல்வது? தெரிந்த முகம் ஒன்றுகூட அந்த ஊரில் கிடையாது.

பக்கத்து வீட்டுப் பெண் தனம் வந்து எதிரில் குந்தினாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவள்.

"யக்கா, எத்தினி மாசம்?"

விளங்காமல் பார்த்தேன். அவள் கண்ணாலேயே என் முந்தானையைக் காட்டினாள்.

"ஏழு."

"வுட்டுட்டா வந்துகினீங்க? எழுந்து வாங்க எங்கூட்டுக்கு."

அவள் வீடு என்பது ஒரு தறியும் அதைச் சுற்றி நடக்க இடமும். தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்த அவள் புருஷன் யாரும் சொல்லாமலே எழுந்து வெளியே போனார். கயிற்றுத் தூளியில் நாற்பது நாள் குழந்தை. அதன் குளியலுக்கு வைத்திருந்த வெந்நீர்க் குடத்தைத் தனம் என் பக்கம் நகர்த்தினாள். துண்டை முக்கிப் பிழிந்து பிழிந்து ஒத்தடம் கொடுத்தாள். அரை மணியில் வலி தளர்ந்தது. பிழிந்த பாலைக் கிண்ணத்தில் பிடித்து, கால்பட்டுவிடக் கூடாது என்று கொல்லை முருங்கையின் அடியில் ஊற்றிவிட்டு வந்தாள். நான் அழுதேன். வலிக்காக அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகுதான் உறைத்தது, ஒரு குடம் வெந்நீர். எங்கள் வீட்டில் குழந்தைக்குத் தண்ணீர் காய்ச்சும் மண்ணெண்ணெய்க்காக நான் வாரா வாரம் கேனோடு வரிசையில் நிற்கிறேன். இவ்வளவு நீரை எப்படிக் காய்ச்சுகிறாள் என்று கேட்டேன்.

"எங்கூட்டு வெந்நியா இது? ஏகாம்பரம் ஊட்டு அடுப்புது. சோப்பு கொதி அடங்கினதும் பின்னாடி சந்துல கொடத்த வெச்சா அரை மணில காஞ்சிடும். தெருவுல புள்ள பெத்தவளுக்கெல்லாம் அதான்."

சந்துக்குப் போய்ப் பார்த்தேன். காலையில் வெறும் காற்றைக் காய்ச்சிய திறப்பில் மூன்று குடம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சோப்பு நுரை தெறிக்கும் என்று மத்தியானம்வரை யாரும் குடம் வைப்பதில்லையாம். நான் அளந்தது காலையில். மார்பின் மேல் இன்னும் சூடு இருந்தது. அந்தச் சூட்டைத்தான் வீண், எண் நான்கு என்று எழுதிவைத்திருந்தேன்.

தனம் பின்னாலேயே வந்தாள். "புது அடுப்பு வருதாமே யக்கா. வெந்நி இன்னும் சீக்கிரம் காயுமா?"

பார்க்கலாம் என்றேன்.

உள்ளே போய் ஏகாம்பரத்திடம் அந்தத் திறப்பை அடைக்கலாமா என்று நேராகக் கேட்டேன். அவர் வெகுநேரம் கையைத் துடைத்தார்.

"வெறகு விக்கிற வெலைக்கு வேணாம்னு எப்படிமா சொல்வேன்? அடைன்னும் என் வாயால சொல்ல மாட்டேன். இந்தத் தெருவுலதான் இருக்கணும் நானு. நீங்களே எழுதிடுங்க."

மூன்று மணி பஸ் போய்விட்டது. நான் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, பயனுக்கும் வீணுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கோடு இழுத்து, 'தெருவுக்கு' என்று தலைப்புப் போட்டு நான்காம் எண்ணை அங்கே மாற்றினேன். பின்பக்கம் ஒரு படம் போட்டேன். நம் சமையலறைக் கொடியடுப்புதான். தாய் அடுப்பின் அனல் பக்கத்துக் குழிக்கும் போகிறதே, அதேபோல. நெருப்பை வெளியே விடாமல் ஒரு கால்வாய் வழியாக மூன்று குடத்துக்கடியில் ஓட்டி, பிறகு புகைபோக்கிக்கு அனுப்புவது. நெருப்பு வெளியே நக்காததால் விறகும் மிஞ்சும், குடமும் காயும்.

ஐந்து பத்து பேருந்து. வீடு சேர ஏழு ஐம்பது. குழந்தை பாலாடையில் பசும்பால் குடித்துவிட்டுத் தூங்கியிருந்தாள். தொந்தரவே இல்லை, உன்னைத் தேடவே இல்லை என்றாள் நாத்தனார், பாராட்டாகத்தான்.

அலுவலகத்துப் பொறியாளர் படத்தைப் பார்த்துவிட்டு, இடமிருந்தால் செய்யலாம் என்றார். என் தற்காலிக வேலை பங்குனியோடு முடிந்தது. கணவருக்கு எல்லாவற்றையும் எட்டுப் பக்கம் எழுதினேன். விறகு நூற்றுக்கு எவ்வளவு மிச்சம் என்று கேட்டுப் பதில் வந்தது.

ஆனி கடைசியில் தனத்திடமிருந்து ஒரு கார்டு, யாரோ எழுதிக்கொடுத்தது. அடுப்பு கட்டியாகிவிட்டது. ஏகாம்பரத்துக்கு நாளொன்றுக்கு ஒரு கட்டு விறகு மிச்சமாகிறதாம். பின்னால் சந்து குறுகல் என்று கொத்தனார் மூன்று குடத்துக்குப் பதில் ஒரு குடத்துக்குத்தான் இடம் விட்டாராம். அதனால் தெருவில் முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். தனத்துக்குச் செவ்வாயும் வெள்ளியும். பாப்பாவுக்குப் பல் வந்ததா என்றும் கேட்டிருந்தாள். குடம் எவ்வளவு சூடாகிறது என்று எழுதவில்லை. உடனே கேட்டு எழுதினேன், பதில் இல்லை. கார்டு எழுதிக்கொடுக்க ஆள் கிடைத்திருக்காது.

போக நினைப்பவர்களுக்கு: விடிகாலை பேருந்து நல்லது, உட்கார இடம் கிடைக்கும். திரும்ப ஐந்து பத்துக்கு இருக்கிறது. மூன்று மணிதான் கடைசி என்று என்னைப்போல் பதற வேண்டாம். ரிக்‌ஷாக்காரரிடம் ஏறும்போதே கடைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பட்டறைக்குள் வெளிர்நிறப் புடவை கட்டிக்கொண்டு போகாதீர்கள். கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போகிறவர்கள் மாற்று ரவிக்கை ஒன்றும் இரண்டு துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்கப்படாமல் பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

ஏகாம்பரம் பட்டறைக்கு நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், இருபத்தைந்து நிமிஷம். செவ்வாய் அல்லது வெள்ளி, மத்தியானம் இரண்டு மணிக்குமேல் பின்னால் சந்துக்குப் போய், அங்கிருக்கும் குடத்தில் ஒரு விரல் வைத்துப் பாருங்கள். சுடுகிறதா, வெறும் வெதுவெதுப்புத்தானா என்று எனக்கு ஒரு கார்டு போட்டால் போதும்.